போர்ட் திறந்தாச்சு, ஆளைத்தான் காணோம்

அஸ்தம்பட்டி வீட்டில் ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினிகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றில் குடும்பப் படங்கள், மற்றதில் மொட்டை மாடி மழைமானியின் கணக்கு. ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டு மாமா இரண்டையும் பார்க்க வேண்டும். ரவுட்டரில், வெளியிலிருந்து நுழையும் வாசல் எண்களான போர்ட்களில் 8443-ஐப் படங்களுக்கும் 8444-ஐ மழைக்கும் திருப்பிவிட்டேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது ஒரு வாரம் இழுத்தது.

"மாப்ள, வட்டம்தான் சுத்துது" என்றார் மாமா.

ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்ட பிறகுதான் அதன் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்குவதற்கென்று 2012-இல் ஒதுக்கியவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். அபார்ட்மென்ட் கேட் பூட்டிக் கிடக்க, நான் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன்!

சரி என்று, தனிப் பொது முகவரியுள்ள சின்ன கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு பையிலிருந்தும் அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு சுரங்கம், அதாவது பூட்டிய தனிப்பாதை. அதற்குள் கிளவுடின் முகவரி 10.8.0.1, படங்கள் பை 10.8.0.2, மழை பை 10.8.0.3. இணைப்பு உயிரோடு இருக்க 25 விநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது குட்டித் தகவல் பொட்டலம். 8443-க்கு வருவதை 10.8.0.2-க்கும், 8444-க்கு வருவதை 10.8.0.3-க்கும் அனுப்பும்படி கிளவுடில் விதி எழுதினேன். கிளவுடிலிருந்து பைக்கு பிங், அதாவது 'இருக்கியா' என்று கேட்கும் சோதனை, போகிறது. கிளவுடிலிருந்தே திறந்தால் பக்கமும் வருகிறது. மாமாவுக்கு மட்டும் வட்டம்.

இரவு பதினொரு மணிக்கு இரண்டு முனையிலும், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினேன். கிளவுடில் இணைப்பு கேட்கும் பாக்கெட் ஒன்று, ஒரு விநாடி கழித்து மறுபடி, இரண்டு விநாடி கழித்து மறுபடி. பையில் ஒரு வரிகூட இல்லை. பையின் வயர்கார்டு அமைப்பில் அனுமதித்த முகவரி என்று 10.8.0.1 மட்டும் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டியல் பாக்கெட் எங்கே போகும் என்பதற்கு மட்டும் என்று நினைத்தது என் தப்பு. யார் உள்ளே வரலாம் என்பதையும் அதுதான் பார்க்கிறது. மாமா போனின் முகவரியோடு வந்ததைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டிருக்கிறது. லாகில் ஒரு வார்த்தை எழுதினால் என்னவாம்?

எல்லா முகவரிக்கும் அனுமதி தந்தால் பையின் மொத்தப் போக்குவரத்தும் கிளவுட் வழியே சுற்றும். அதனால் கிளவுடிலேயே மாஸ்கரேட் போட்டேன், அதாவது வருபவரின் முகவரியை மறைத்துக் கிளவுடின் முகவரியை ஒட்டிவிடும் விதி. யார் வந்தாலும் இப்போது 10.8.0.1 என்றுதான் பதிவாகிறது. அத்துமீறும் ஒருவரை நிறுத்த அந்த முகவரியைத் தடுத்தால் எல்லோருக்கும் பூட்டு, அதனால் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் போர்ட்டை வெளியே காட்டவில்லை.

மாமா உடனே திறந்தார். படங்களைப் பார்க்கவில்லை. "நேத்து மழை சைபர்னு போட்டிருக்கே மாப்ள, இங்க கொட்டித் தீர்த்துச்சே!"