அட்டவணைக்கு வெளியே ஓடும் தண்ணீர்

நகர நீரியலில் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு கெழுவில், அதாவது பெய்த மழையில் எவ்வளவு பங்கு ஓடிவரும் என்று சொல்லும் எண்ணில், வந்து நிற்போம். ஒரு மழைக்கு உச்ச ஓட்டம் எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டுமா? மழையின் செறிவு, நிலப்பரப்பு, ஓடுநீர்க் கெழு மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851இல் இதற்கு அடித்தளம் போட்டார். 1889இல் எமில் குய்ச்லிங் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளை ஆராய்ந்து இதை வடிகால் வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். அப்புறம் எத்தனையோ கணினி மாதிரிகள் வந்துவிட்டன. ஆனாலும் சின்னப் படுகை (ஒரே வடிகாலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு) என்றால் இன்றும் பொறியாளர்கள் முதலில் எடுப்பது அந்தப் பழைய பெருக்கலைத்தான். நானும் என் முதல் வகுப்பை அதில்தான் தொடங்குவேன்.

மழைக்குப் பதிவு இருக்கிறது, பரப்பை வரைபடத்தில் அளந்துவிடலாம். கெழுவுக்கு மட்டும் அட்டவணையைப் பார்க்க வேண்டும். தார்ச்சாலைக்கு 0.70 முதல் 0.95 வரை, மணற்பாங்கான சமதளப் புல்வெளிக்கு 0.05 முதல் 0.10 வரை, தனி வீடுகள் உள்ள குடியிருப்புக்கு 0.30 முதல் 0.50 வரை. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 0.30ஐ விட்டு 0.50ஐ எடுத்தால் கணக்கில் வரும் உச்ச ஓட்டம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். குழாயின் அளவு மாறும், செலவு மாறும். எதை எடுப்பது என்று மாணவர்கள் கேட்டால், பெரும்பாலான பாடநூல்கள் "பொறியாளரின் மதிப்பீடு" என்று சொல்லி நகர்ந்துவிடும். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த இரண்டு சொற்களுக்குள்தான் கழிந்தது.

மதிப்பீட்டை வளர்க்க ஒரே வழி, மழை பெய்யும்போது வெளியே போய்ப் பார்ப்பது. அடுத்தடுத்து இரண்டு தெருக்கள் இருக்கும். வான்படத்தில் பார்த்தால் கூரையும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஒரு தெருவில் கூரைக் குழாய்கள் நேராக வடிகாலுக்குள் இறங்கும். இன்னொன்றில் மண்ணில் கொட்டும். சாதாரண மழையில் இரண்டாவது தெருவிலிருந்து வடிகாலுக்கு வரும் தண்ணீர் முதலாவதில் ஒரு சிறு பங்குதான். மொத்தக் கடினப் பரப்பைவிட, அதில் எவ்வளவு வடிகாலோடு நேரடியாக இணைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். செயற்கைக்கோள் படம் இதைச் சொல்லாது. குடையோடு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு குழாயும் எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். ஆய்வு மாணவர்கள் இந்த வேலையை முதலில் தண்டனையாக நினைப்பார்கள். முடித்துவிட்டு வருபவர்கள் அதன்பின் மாதிரியில் எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும்.

அளவீடு என்பது கட்டுரைகளில் ஒரு பத்தி. களத்தில் அது முழுநேர வேலை. வாளி கவிழும் மழைமானி ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் ஒருமுறை சாய்ந்து ஒரு துடிப்பைப் பதியும். புனலில் ஓர் இலை விழுந்து அடைத்தால் கனமழை மெல்லிய தூறலாகப் பதிவாகும். மழை நின்ற பிறகும் பதிவில் தூறல் நீளும். வடிகாலுக்குள் வைத்த ஓட்டமானியில் கந்தலும் பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொள்ளும். மேன்ஹோலைத் திறப்பதென்றால் நச்சுவாயு சோதனை இல்லாமல் யாரும் குனியக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் பேச்சுக்கு இடமில்லாத விதி.

ஒருமுறை ஆய்வு மாணவி ஒருத்தி ஒரு வரைபடத்தோடு வந்தாள். "சார், மழையே இல்லாத நாட்களிலும் ஓடுது. காலையில ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். கருவி கெட்டுப்போச்சு போல."

"கருவி நல்லாத்தான் இருக்கும்மா. அந்த நேரத்துல வீட்டுல என்ன நடக்கும்னு யோசி" என்றேன்.

மழைநீர் வடிகாலில் யாரோ கழிவுநீரை இணைத்திருந்தார்கள். மேலே ஒவ்வொரு சந்திப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டே போய் இடத்தைக் கண்டுபிடித்தோம். ஆய்வேட்டில் அதற்கு அடிக்குறிப்பு அளவுக்குத்தான் இடம் கிடைத்தது. ஓடையின் தண்ணீருக்கு அந்த ஆய்வேட்டின் மற்றப் பக்கங்களைவிட அதுதான் நன்மை செய்தது என்பேன்.

தடுப்புக் குளங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய குடியிருப்பு வந்தால் குளம் ஒன்று வெட்டி உச்சத்தைக் குறைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் வெகுகாலம் ஆண்டது. குளம் உச்சத்தைக் குறைக்கும், சரி. ஆனால் தேங்கிய நீரை மெதுவாக, நீண்ட நேரம் விடும். மேலேயிருந்து வரும் வெள்ளம் கீழே வந்து சேரும் நேரமும் அதுவும் ஒன்றாகிவிட்டால், சந்திக்கும் இடத்தில் உச்சம் குறையாமல் கூடவும் செய்யலாம். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்கும் முறையில் இதைப் பார்க்க யாருக்கும் கடமை இல்லை. முழுப் படுகையையும் ஒன்றாக வைத்துக் கணினி மாதிரியில் ஓட்டிப் பாருங்கள் என்று கூட்டங்களில் சொல்லிச் சொல்லியே பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போனது.

"நூறாண்டு மழை" என்ற பெயர் செய்திருக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு. அந்த 1 விழுக்காடும் பழைய பதிவிலிருந்து வந்தது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பழைய மழையை வைத்துப் புதிய குழாய் போடுவது எவ்வளவு நாளைக்கு? 2011 ஜூலை 2இல் கோபன்ஹேகனில் கொட்டிய மழைக்குப் பிறகு அந்நகரம் வேறொரு கேள்விக்குத் திரும்பியது: குழாய் நிரம்பிய பிறகு தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும்? எல்லா வடிவமைப்பிலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நிரம்பாத குழாய் என்று ஒன்று கிடையாது.

இப்போது எல்லாரும் மழைத்தோட்டமும் (மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான தோட்டம்) நீர்புகும் நடைபாதையும் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நீர்புகும் தளத்தின் துளைகளை நுண்மண் அடைக்கும்; உறிஞ்சு இயந்திரத்தால் அவ்வப்போது சுத்தம் செய்யாவிட்டால் அது வெறும் தளமாகிவிடும். திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும். மூன்றாம் ஆண்டுச் சுத்தத்துக்குக் கிடைக்காது. ஆராய்ச்சி நிதியும் அப்படியே: புதிதாகக் கட்டியதை அளக்கத் தருவார்கள், பழசாகிப்போனதை அளக்கத் தர மாட்டார்கள். அதனால் ஆலோசனைக்கு வரும் திட்ட அறிக்கைகளில் நான் இப்போது முதலில் புரட்டுவது பராமரிப்புப் பக்கத்தைத்தான். யார் சுத்தம் செய்வார்கள், எந்தத் துறையின் கணக்கில் என்று எழுதியிருக்காவிட்டால், ஓட்டக் கணக்கைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.