மிசிசிப்பி கிராமத்துல கிளினிக்கை மூடாம ஓட்டினோம்: கிராண்ட் வாங்கின அனுபவம்

போன வாரம் ஆர்கன்சாஸ்லேருந்து தெரிஞ்ச டாக்டரோட வீட்டம்மா ஃபோன் பண்ணாங்க. "அக்கா, கிராமத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் அம்பது பில்லியன் தர்றாங்களாமே, நாங்க எங்க அப்ளை பண்றது?" ஒரு மணி நேரம் பேசினோம். எழுதி வெச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகும்னுதான் இது.

எங்க வீட்டுக்காரர் ஜே-1 வெய்வர்ல (பயிற்சி முடிச்ச வெளிநாட்டு டாக்டருங்க ஊருக்குத் திரும்பிப் போகணும்ங்கற விதியிலேருந்து விலக்கு) மிசிசிப்பி டெல்டாவுக்கு வந்தவர். ஒரு ஸ்டேட்டுக்கு வருஷத்துக்கு 30 பேர்னு கான்ராட் ப்ரோக்ராம் இருக்கே, அதுல, டாக்டர் பத்தாத ஊர்ல மூணு வருஷம் வேலை பாக்கணும். முடிஞ்சதும் பெரிய ஊருக்குப் போறதாத்தான் இருந்துச்சு, ஆனா பேஷண்ட்டுங்க தோட்டத்து வெண்டைக்காயைப் பை பையா கொண்டாந்து குடுத்து பழகிட்டாங்க, விட்டுட்டு வர மனசு வரல. 2016-ல ஒரு வயசான டாக்டர்கிட்டேருந்து கிளினிக்கையே வாங்கிட்டோம். நான் பி.காம், அதனால கணக்கும் பில்லிங்கும் என் பொறுப்பு.

எங்களது ரூரல் ஹெல்த் கிளினிக் வகை, 1977-ல வந்த சட்டம். விசிட்டுக்கு இவ்வளவுன்னு மெடிகேர்ல (முக்கியமா வயசானவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) ஒரே ரேட், எங்கள மாதிரி தனியா நடத்துறவங்களுக்கு 2020 ஆரம்பத்துல அதோட உச்சவரம்பு 86.31 டாலர். மிசிசிப்பில மெடிக்கெய்டை, அதாவது ஏழைங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸை, விரிவாக்கவும் இல்ல, அதனால இன்ஷூரன்ஸே இல்லாதவங்க நிறைய. ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தாத்தான் சம்பளம் போட முடியும். 2020 மார்ச் கடைசில, கொரோனா வந்ததும், அது ஆறு ஏழு பேர் ஆயிடுச்சு.

முதல்ல பிபிபி லோன் (ஆளுங்களை வேலையை விட்டு நிறுத்தாம இருக்க சின்ன கம்பெனிங்களுக்கு அரசு ஏற்பாடு பண்ணின கடன்) வாங்கினோம், அறுபது சதவீதமாவது சம்பளத்துக்குப் போனா முழுசா தள்ளுபடி, அது சிக்கல் இல்லாம முடிஞ்சுது. மெடிகேர் முன்பணமா குடுக்கற அட்வான்ஸையும் பாத்தோம், ஆனா அது கிராண்ட் இல்லீங்க, கடன், அப்புறம் நம்ம பில்லுலேருந்தே பிடிச்சுக்குவாங்க, தெரியாம வாங்கிட்டு பின்னாடி முழிச்சவங்க இருக்காங்க. நாங்க தொடல.

மே மாசம் பேங்க்ல 49,461 டாலர் 42 சென்ட் வந்து நிக்குது. நாங்க அப்ளையே பண்ணல. எல்லா ரூரல் ஹெல்த் கிளினிக்குக்கும் கொரோனா டெஸ்ட்டுக்குன்னு அதே தொகை வந்திருக்குன்னு ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. அன்னிக்கே அதுக்குத் தனி லெட்ஜர் போட்டேன், டென்ட், டெஸ்ட் கிட், கவுன், நர்ஸோட ஓவர்டைம்னு ஒவ்வொரு பில்லையும் ஒரு ஃபைல்ல போட்டுட்டே வந்தேன். 2021-ல டெஸ்ட்டுக்கும் தடுப்பு வேலைக்கும் ஒரு லட்சம் டாலர் வரைக்கும்னு இன்னொண்ணு வந்தப்போ, அதுக்கு வேற லெட்ஜர். ரெண்டு பணத்தையும் கலந்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது.

பெரிய வேலை வாங்கினது 2021 செப்டம்பர் 29-ல திறந்து அக்டோபர் 26-ல மூடின அப்ளிகேஷன். கொரோனாவால அடிபட்ட ஆஸ்பத்திரி, கிளினிக்குங்களுக்கு மத்திய அரசு குடுத்த உதவி அது. கிராமத்துக்கான பங்குக்கு ஏஆர்பி ரூரல்னு பேரு, பொதுவான பங்குக்கு ஃபேஸ் 4, ரெண்டுக்கும் ஒரே ஃபார்ம், மொத்தம் 25.5 பில்லியன் டாலர், அதுல 8.5 பில்லியன் கிராமத்துக்குன்னு ஒதுக்கினது. அந்த கிராமத்துப் பங்குல கிளினிக் எங்க இருக்குங்கறது இல்ல, பேஷண்ட் குடியிருக்கற இடம் கிராமமாங்கறதுதான் கணக்கு. ஃபார்முக்குள்ள போறதுக்கு முன்னாடி டாக்ஸ் நம்பரை சரிபாக்கணும், எங்களுக்கு அங்கயே நின்னுடுச்சு. கிளினிக் வாங்கினப்போ கம்பெனி பேரை மாத்தினோம், மெடிகேர்ல புதுப் பேரு, வரி ஆபீஸ்ல பழைய பேரு. லெட்டர் தேடி, ஃபோன்ல காத்திருந்து, ஒன்பது நாள் போச்சு. கடைசி வாரத்துல ஆரம்பிச்சிருந்தா அந்தப் பணம் கிடையாது.

நவம்பர் கடைசில பணம் வந்துச்சு, அதனால ஆறு பேரோட வேலை தப்பிச்சுது. ஆனா வாங்கறதை விட கணக்கு சொல்றதுதான் கஷ்டம். 2023 ஜனவரிலேருந்து மார்ச்சுக்குள்ள ரிப்போர்ட் போடணும், பத்தாயிரத்துக்கு மேல வாங்கினவங்க எல்லாரும். வருமானம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு குவார்ட்டர் குவார்ட்டரா, அதுலயும் மெடிகேர், மெடிக்கெய்டு, பிரைவேட், கையிலேருந்து கட்டினதுன்னு தனித்தனியா கேக்கறாங்க. எங்க பழைய சாஃப்ட்வேர் மாசத்து மொத்தம் மட்டும்தான் குடுக்கும். கையிலேருந்து கட்டினதுக்கு கார்பன் ரசீது புக்குதான் ஆதாரம். நானும் ஃப்ரண்ட் டெஸ்க் பொண்ணும் ரெண்டு சனி ஞாயிறு உக்காந்து ஒவ்வொரு ரசீதா கூட்டினோம், அஞ்சு டாலர், பத்து டாலர். ஒரு பாட்டி, சக்கரை வியாதி, 2019 முழுக்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு டாலர் கட்டியிருக்காங்க. 2020 ஏப்ரல்லேருந்து அவங்க ரசீதே இல்ல. திரும்ப வந்தது அக்டோபர்ல, கால்ல புண்ணோட. ஃபார்ம்ல அதுக்குப் பேரு 'இழந்த வருமானம்'. அந்தக் கட்டத்துல நம்பர் போடறப்போ எனக்குக் கை ஓடல.

எங்களுக்குக் கொஞ்ச தூரத்துல இன்னொரு கிளினிக், நல்ல டாக்டர், ரிப்போர்ட் போடணும்னே அவருக்கு யாரும் சொல்லல, மெயில் பழைய அட்ரஸுக்குப் போயிட்டே இருந்திருக்கு. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி லெட்டர் வந்துச்சு. அடுத்த வருஷம் மூடிட்டார். அந்த ஊர் ஜனங்க இப்போ எங்ககிட்ட வர்றாங்க, ரொம்ப தூரம் ஓட்டிக்கிட்டு. உதவின்னு குடுத்த பணம், ஆபீஸ்ல ஆள் வெச்சிருக்கற பெரிய இடங்களுக்கு சுலபமாவும், தானே பேஷண்டும் பாத்து தானே பில்லும் போடற டாக்டருக்கு பாரமாவும் இருக்கறது சரியே இல்லன்னு நான் உறுதியா சொல்வேன்.

இப்போ அந்த அம்பது பில்லியன் விஷயம். 2025 ஜூலைல கையெழுத்தான சட்டத்துல வந்தது, 2026 நிதியாண்டுலேருந்து அஞ்சு வருஷம், வருஷத்துக்கு பத்து பில்லியன். அது நேரா நமக்கு வராது, ஸ்டேட்டுக்குத்தான். பாதிய ஸ்டேட்டுங்களுக்கு சமமா பிரிக்கறாங்க. நமக்கு வேணும்னா நம்ம ஸ்டேட் போட்ட திட்டத்துல நம்ம மாதிரி கிளினிக்குக்கு என்ன இருக்குன்னு பாக்கணும். எல்லா ஸ்டேட்லயும் ஸ்டேட் ஆபீஸ் ஆஃப் ரூரல் ஹெல்த்னு ஒண்ணு இருக்கு, கூச்சப்படாம ஃபோன் பண்ணுங்க, எங்களுக்கு அங்க இருந்த அம்மா அவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. சாம் டாட் கவ்ல, அதாவது மத்திய அரசுப் பணம் வாங்கறவங்க பதிவு பண்ற வெப்சைட்ல, ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கான்னு பாருங்க, வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அது ஃப்ரீ, காசு கேட்டு லெட்டர் வந்தா குடுக்காதீங்க.

இதையெல்லாம் அந்த ஆர்கன்சாஸ் தங்கச்சிகிட்ட சொன்னேன். நேத்து மெசேஜ் போட்டிருக்கா, "அக்கா, எங்களது எட்டு மாசம் முன்னாடியே எக்ஸ்பைர் ஆயிருக்கு, இப்பத்தான் புதுப்பிக்கப் போட்டேன்."