இனிஷியல்

ஆகஸ்ட் 5
இங்கே தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுகிற சாக்வாவிலிருந்து இன்றும் ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 8
காவல் நிலையத்தில் சான்றிதழ் நகல்களுக்குச் சரிபார்ப்பு முத்திரை. காசு கிடையாது, வரிசைதான். மூன்று மாதத்துக்குள் குத்திய முத்திரைதான் செல்லுமாம். ஏப்ரலில் வாங்கியதெல்லாம் வீண். போலீஸ்காரர் என் பட்டத்தைத் தூக்கிப் பிடித்து, தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, “இது என்ன எழுத்து?” என்றார். சொன்னேன். “அழகாக இருக்கிறதே” என்றபடி நகலில் ஓங்கிக் குத்தினார். சரியாக என் பெயரின் மேல். இனிஷியலைக் காணோம்.

ஆகஸ்ட் 13
பட்டத்தில் ‘ஆர்.’ என்று ஒற்றை எழுத்து. பழைய பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். புதியதில் இவர் வீட்டுப் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று பிரமாணம் எழுதிக் கொடுத்தாயிற்று. அது போதுமா?

இவர் சிரிக்கிறார். 1860-ல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்த காலத்திலிருந்தே கப்பல் பேரேட்டில் அப்பா பெயருக்குத் தனிப் பத்தி உண்டாம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள், அதையே சுமந்துகொண்டு நாங்கள் இல்லையா என்கிறார். இவருக்கென்ன, பி.ஜி.சி.இ. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவரா.

ஆகஸ்ட் 14
சாக்வா, இல்லை.

ஆகஸ்ட் 21
தூக்கமில்லை. பட்டம் மட்டும் இருந்தால் போதாது, அதில் பள்ளிப் பாடங்கள் போதிய அளவு இருக்க வேண்டும். கணக்கு மூன்று வருடம், கவலையில்லை. இயற்பியல் அலைடு பாடம்தான். சீனியர் பேஸ் இயற்கை அறிவியலுக்கு அதைக் கணக்கில் எடுப்பார்களா?

சீனியர் பேஸ் என்பது 7, 8, 9. ஊரில் நடுநிலை என்றால் எட்டோடு முடிந்தது. இங்கே ஏழு தொடக்கப் பள்ளியிலும் எட்டும் ஒன்பதும் ஹைஸ்கூலிலும். நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு எந்த நாட்டிலும் தனி வீடு இல்லை போல. எனக்கு ஏழாம் வகுப்புதான் வேண்டும். எக்ஸ் என்றால் என்னவென்று முதன்முதலாகக் கேட்கிற வயது.

செப்டம்பர் 2
ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறவர் ஒரு ஆப்பிரிக்க மொழியில் பேசவாவது, இல்லாவிட்டால் சைகை மொழியாவது தெரிந்திருக்க வேண்டும். ஜூலு படிக்கிறேன். ‘ங்கிசெலா’, தயவுசெய்து என்று கேட்பது. நடுவில் உள்ள ‘சி’க்கு நாக்கைப் பல்லில் ஒட்டிச் சுண்ட வேண்டும். ஒரு வாரம் திண்டாடினேன். அப்புறம்தான் பிடிபட்டது, அது நாம் உச்சுக் கொட்டுவதேதான்! அம்மா நாள் முழுக்கப் போட்ட சத்தம். இதற்கு மட்டும் சான்றிதழ் கேட்டால் இன்றே தருவேன்.

செப்டம்பர் 17
புரட்டாசி பிறந்துவிட்டது. அத்தை கறிச் சட்டிகளைத் தேய்த்துப் பரணில் ஏற்றச் சொன்னார். ஆசிரியர் மன்றமான சேஸில் பதிவதற்கான காவல் துறைச் சான்றுக்காகக் காலையில்தான் பத்து விரலும் மையில் உருட்டிவிட்டு வந்திருந்தேன். சாம்பல், எலுமிச்சை, எதற்கும் போகவில்லை. சட்டிகள் பளபளக்கின்றன.

சாக்வா, இல்லை.

செப்டம்பர் 19
ஆகஸ்ட் 8 முத்திரை நவம்பர் 8 வரைதான் செல்லும். காலண்டரில் வட்டம் போட்டேன். மை விரல் அதிலும் பதிந்துவிட்டது.