விமானத்துக்கு நிறம் வரைந்த வருடங்கள்

ஒரு விமான நிறுவனம் புது லோகோ வெளியிட்டால் முதலில் நமக்குக் கிடைப்பது ஒரு கணினிப் படம்தான். நீல வானம், பக்கவாட்டில் ஒரு விமானம், பளபளக்கும் வால். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று அன்றைக்கே தீர்ப்பும் வந்துவிடும். சென்னையில் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் அந்த மாதிரிப் படங்களை வரைந்தும், பிறகு அவற்றைப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கான அளவு வரைபடங்களாக மாற்றியும் வேலை பார்த்தவன் நான். அந்த வேலை எனக்குள் ஆழமாகப் பதித்த எண்ணம் ஒன்று உண்டு. விமானத்தின் நிறத்தை முடிவு செய்யும் மேஜையில், விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகையான பெயிண்ட் ஹேங்கரை அறிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். பல்லாவரத்துக்காரர். மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படத்தை அவர் முன்னால் வைத்தால் நிறத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "தம்பி, இதுல கதவு எங்க இருக்கு?" என்பார். எங்கள் படத்தில் கதவுகள் மெல்லிய சாம்பல் கோடாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து திறக்கக்கூடிய அவசர வழி ஒவ்வொன்றையும் சுற்றி 2 அங்குல அகலத்தில் ஒரு பட்டை வர வேண்டும், அது பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்பது விதி. மீட்க ஓடி வருபவர் ஒரு நொடியும் தேடக் கூடாது அல்லவா? அடர் நீல உடலுக்கு ஒரு பட்டை, வெள்ளைக்கு வேறு பட்டை. நாங்கள் வரைந்த அலைக்கோடு அந்தக் கதவின் குறுக்கே ஓடினால் பாதிப் பட்டை ஒரு நிறம், மீதி இன்னொரு நிறம். அலையை நகர்த்துவதுதான் ஒரே வழி. இந்திய விமானங்களுக்குரிய, 'வி.டி.' என்று தொடங்கும் பதிவு எழுத்துகளும் அப்படித்தான். பக்கவாட்டில் குறைந்தது 30 சென்டிமீட்டர், இறக்கைக்கு அடியில் 50 சென்டிமீட்டர் உயரம். அவற்றுக்கு முதலில் இடம் விட்டுவிட்டு மிச்சத்தில்தான் டிசைன்.

காகிதத்தில் நேராக ஓடும் கோடு விமானத்தில் நேராக ஓடாது. சார் எங்கள் அச்சுப் பிரதியை எடுத்து ஒரு பிவிசி குழாய்த் துண்டில் சுற்றி, கீழிருந்து அண்ணாந்து பார்க்கச் சொல்வார். மூக்குப் பக்கம் கோடு மேலே வளைந்து ஓடும், வயிற்றுப் பக்கம் காணாமல் போகும். பயணிகளும் தரைப் பணியாளர்களும் விமானத்தைப் பார்ப்பது அந்தக் கோணத்தில்தான். பக்கவாட்டுப் படத்தை மட்டும் காட்டி ஒப்புதல் வாங்குவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

உடலில் சில சிறு துளைகள் உண்டு. காற்றழுத்தத்தை அளந்து உயரத்தையும் வேகத்தையும் விமானிக்குச் சொல்பவை. ஸ்டாடிக் போர்ட் என்பார்கள். அவற்றைச் சுற்றி ஒரு சொட்டுப் பெயிண்ட்கூடப் படக் கூடாது. டேப் போட்டு மூடித்தான் வேலை நடக்கும், முடிந்ததும் அந்த டேப்பைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும். 1996 அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானத்தில், கழுவும்போது ஒட்டிய டேப் எடுக்கப்படாமல் இருந்துவிட்டது. கருவிகள் தவறான உயரத்தையும் வேகத்தையும் காட்டின. விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். அதை அவர் எங்களுக்குச் சொன்ன நாளிலிருந்து, எங்கள் வரைபடங்களில் அந்த இடங்களைச் சிவப்பில் குறித்துத்தான் அனுப்பினோம். வாடிக்கையாளர் பார்க்கும் பிரதியிலும் அந்தச் சிவப்பு இருக்கும். படம் அழகு கெடுகிறது என்று யாராவது சொன்னாலும் நான் அதை எடுத்ததில்லை.

வால் பகுதிதான் எல்லோருக்கும் ஆசை. திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது சுவருக்கு மேலே கண்ணில் படுவதும் வால்தானே. ஆனால் அந்த வாலின் பின்பகுதி அசையும். ரடர் என்னும் அந்தச் சுக்கானில் பெயிண்ட் ஏற ஏற அதன் எடைச் சமநிலை மாறும். சமநிலை தவறினால் பறக்கும்போது அது படபடவென்று அதிர ஆரம்பிக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. அதனால் பெயிண்ட் அடித்த பிறகு சமநிலையைச் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். 2023 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் புதுத் தோற்றத்தில் முதல் விமானத்தின் வாலுக்குப் பந்தனித் துணியின் வடிவத்தைக் கொடுத்தது. காஞ்சிபுரம் பட்டின் வடிவமும் வரும் என்று அறிவித்தது. அதைப் படித்தவுடன் எனக்குள் ஓடிய கேள்வி, ரடர் சேரும் இடைவெளியில் கட்டங்களை எப்படிப் பொருத்துவார்கள் என்பதுதான். ரடர் கொஞ்சம் திரும்பி நிற்கும்போதும் வடிவம் உடைந்ததாகத் தோன்றக் கூடாது. நுணுக்கமான துணி வடிவத்தை அங்கே கொண்டு வருவது சாதாரண வேலை இல்லை, அதைச் செய்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

இந்தத் தடைகளையெல்லாம் பார்த்து டிசைனர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கோ, இவைதான் நல்ல யோசனைகளைக் கொண்டு வந்தவை. ஜன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளமாக ஒரு பெயரையோ கோட்டையோ வரைய நினைப்பவருக்கு அந்த ஜன்னல் வரிசை பெரிய இடைஞ்சல். 1971இல் ஏர் இந்தியா தன் முதல் போயிங் 747 விமானத்தை வாங்கியபோது, ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றி ராஜஸ்தான் மாளிகை மாடத்தின் வளைவைச் சிவப்பில் வரைந்தார்கள். இடைஞ்சலாக இருந்த ஜன்னலே அலங்காரம் ஆகிவிட்டது. உலகத்தில் எந்த விமான நிலையத்தில் நின்றாலும் அது நம் ஊர் விமானம் என்று தெரிந்தது. 2023 ஆகஸ்டில் டாடா குழுமம் வெளியிட்ட புது லோகோவும் அந்த ஜன்னல் சட்டத்தின் உச்சியிலிருந்து எடுத்ததுதான். இந்தியாவில் செய்யப்பட்ட விமான டிசைன்களில் அந்தப் பழைய ஜன்னலுக்கு இணையாக எனக்கு இன்னொன்று தோன்றவில்லை.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதையை சார் அடிக்கடி சொல்வார். உடலுக்குப் பெயிண்டே அடிக்காமல், மெருகேற்றிய அலுமினியமாகவே பல பத்தாண்டுகள் பறக்கவிட்டார்கள். பெரிய விமானத்தில் பெயிண்ட் மட்டுமே நூற்றுக்கணக்கான கிலோ வரும், அந்த எடை மிச்சம். பிறகு கார்பன் நாரால் ஆன போயிங் 787 வந்தது. அதை வெறும் உடலாக விட முடியாது, பெயிண்ட் பூசியே தீர வேண்டும். 2013இல் அவர்கள் மைக்கா கலந்த வெள்ளிநிறப் பெயிண்டுக்கு மாறினார்கள். டிசைனர் மாசிமோ விக்னெல்லி 1967இல் கொடுத்த லோகோவையும் அப்போதே மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ரசனை மாற்றம். ஆனால் நிறம் மாற வேண்டிய கட்டாயத்தைக் கொண்டு வந்தது, விமானம் எதனால் செய்யப்பட்டதோ அந்தப் பொருள்தான்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1997இல் உலகக் கலைஞர்களின் ஓவியங்களை வால்களில் வரைந்தது. அது பிடிக்காமல் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஒரு சின்ன மாதிரி விமானத்தின் வாலைக் கைக்குட்டையால் மூடியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஓவியங்கள் அழகானவைதான். ஆனால் வால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருந்தால், தூரத்தில் நிற்பது யாருடைய விமானம் என்று எப்படித் தெரியும்? கடைசியில் எல்லா வால்களும் தேசியக் கொடியின் வடிவத்துக்குத் திரும்பின.

நிறம் முடிவாகி, பெயிண்டும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விமானத்தைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, பூசி, உலர்த்தி, எடை போட்டு வெளியே விட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். அத்தனை நாள் அது டிக்கெட் வருமானம் இல்லாமல் நிற்கும். அதனால் பெரிய பராமரிப்புக்கு உள்ளே வரும்போது அதோடு சேர்த்துத்தான் அடிப்பார்கள். நிறுவனத்தின் எல்லா விமானங்களும் மாறி முடிய வருடங்கள் ஆகும். விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பெயர் ஒரே நாளில் போய்விட்டது, ஊதா வால்கள் போகவில்லை. புதுப் பெயரில் டிக்கெட் வாங்கி, பழைய நிற விமானத்தில் ஏறும் பயணிக்கு அது குழப்பம்தான்.

இதற்காகவே புது லோகோ வரைபவர்களிடம் நான் ஒரு தாளைக் கூடுதலாகக் கேட்டு வாங்குவேன். பழைய நிறம் அப்படியே இருக்க, பெயரை மட்டும் மாற்றி ஓட்டப்போகும் விமானம் எப்படி இருக்கும் என்கிற வரைபடம். எழுத்து எந்த நிறத்தில் வந்தால் பழைய வாலோடு ஒத்துப்போகும், பழைய பெயரை எந்த வெள்ளையால் மூடுவது, வெயிலில் வெளுத்துப்போன பழைய வெள்ளையோடு அது ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியாமல் இருக்க எல்லையை எந்தத் தகட்டின் விளிம்பில் நிறுத்துவது, எல்லாம் அதில் வர வேண்டும். விளம்பரத்தில் அந்தப் படம் வராது. ஆனால் இணைப்பு நடந்த மறுநாள் காலையில் சென்னையில் படிக்கட்டு ஏறும் பயணி கண்ணில் படப்போவது அந்த விமானம்தான்.