கிட்டார் பட்டறைக்கு ஒரு டி-ஷர்ட்: ரோஸ் ஹில் நாட்குறிப்பு

மே 10, 2025, சனி

ஜூன் 21 உலக இசை நாளுக்குள் அறுபது டி-ஷர்ட் வேண்டும் என்று, மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் பட்டறை வைத்திருக்கும் கிட்டார் அண்ணன் கேட்டிருக்கிறார். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிட்டார் செய்யும் பட்டறைக்கு அறுபது சட்டை எதற்கு என்றேன். "கிட்டார் வாங்க முடியாதவர்களும் ஏதாவது வாங்கிப் போகட்டுமே, தங்கச்சி" என்றார். அது நியாயம்தான்.

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்த்துவிட்டு, மொரீஷியஸ் ஆலை ஒன்றின் சாம்பிள் பிரிவுக்கு வந்தவள் நான். கல்யாணச் சட்டை, கட்சிச் சட்டை, கோயில் அன்னதானச் சட்டை என எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. விளம்பரச் சட்டை என்றால் என் அளவுகோல் ஒன்றுதான்: வாங்கியவர் அதை இரண்டாம் முறை போடுவாரா? பெரும்பாலான விளம்பரச் சட்டைகள் வண்டி துடைக்கத்தான் போகின்றன.

அண்ணியின் தம்பி மகன் ஏற்கெனவே கம்ப்யூட்டரிடம் கேட்டுப் படம் வாங்கி வைத்திருந்தான். சூரிய அஸ்தமனம், தென்னை மரம், ஷமரெல் ஊரின் ஏழு வண்ண மண், நடுவில் டோடோ பறவை கிட்டார் வாசிக்கிறது. அந்தக் கிட்டாருக்கு ஏழு கம்பி, எட்டுப் பிருடை (கம்பியை முறுக்கும் திருகு). கம்பிகளைத் தாங்கும் குதிரை, துளையை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "கம்பியின் ஒரு முனையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்கட்டை வரை என்ன நீளமோ, அங்கிருந்து குதிரை வரையும் ஏறக்குறைய அதே நீளம் இருக்க வேண்டும். இதை வாசித்தால் டோடோ மறுபடியும் செத்துப்போகும்" என்றார்.

போதாக்குறைக்கு அதன் தலைப்பகுதி ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வடிவத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது. பெரிய கிட்டார் நிறுவனங்கள் தலைப்பகுதியின் வெளிக்கோட்டையே வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. சிறு பட்டறைக்காரருக்கு அந்த வம்பு வேண்டாம்.

மே 13, செவ்வாய்

டோடோவை விட்டுவிட அண்ணனுக்கு மனமில்லை. சுற்றுலாக்காரர்கள் வாங்குவார்கள் என்கிறார். போர்ட் லூயிஸ் சந்தையில் டோடோ இல்லாத சட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் குவியலில் அறுபது சேர்ந்தால் யார் கண்ணில் படும்?

ஆனாலும் அவர் பேச்சிலிருந்து ஒன்று கிடைத்தது. டச்சுக்காரர்கள் 1598இல் இங்கே இறங்கினார்கள், 1638இல் குடியேறினார்கள், 1710இல் விட்டுப் போனார்கள். அதற்குள் டோடோ அழிந்தது. கருங்காலிக் காடுகளும் வெட்டுப்பட்டுக் கப்பலேறின. டோடோவுக்கு ஊரெல்லாம் பொம்மை இருக்கிறது. கருங்காலிக்கு எபென் (பிரெஞ்சில் கருங்காலி) நகரத்தின் பெயர் இருக்கிறது, மாஹேபூர் விரிகுடாவில் ஈல் ஓ எக்ரெத் தீவில் காப்பாற்றி வைத்திருக்கும் மரங்கள் இருக்கின்றன, சட்டையில் மட்டும் இல்லை. கிட்டாரில் விரல் ஓடும் கறுப்புப் பலகை கருங்காலிதான். அண்ணன் அதை ஆப்பிரிக்காவிலிருந்து, உரிய தாள்களோடு வரவழைக்கிறார். மடகாஸ்கர் கருங்காலி 2013 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் பக்கத்துத் தீவு என்று கைநீட்டிவிட முடியாது.

எப்படியோ சட்டை கறுப்பு என்று முடிவாகிவிட்டது.

மே 18, ஞாயிறு

பகல் முழுவதும் பட்டறையில். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டாமல் இயந்திரம் ஓடுகிறது. வெளியே மழைத் தூறல், உள்ளே மரத்தூள் வாசனை. பக்கப் பலகைகள் மாமரம். வீட்டுக் கொல்லையில் புயலில் சாய்ந்ததாம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் என்றேன். இங்கும் பலா உண்டு, ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

நான் வரைந்து வைத்திருந்தவை கிட்டாரின் வெளிக்கோடுகள். சுத்தமாக, அளவாக இருந்தன. உலகத்தில் எந்தக் கிட்டார் கடையும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அவற்றின் குறை. "உங்கள் கிட்டாரையும் கடைக் கிட்டாரையும் எதை வைத்துப் பிரிப்பது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ஒட்டி முடிக்காத மேற்பலகை ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

வெளியே வெண்மஞ்சள் நிற ஸ்ப்ரூஸ் பலகை, இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. உட்பக்கத்தில் துளைக்குக் கீழே ஏழு மெல்லிய சட்டங்கள் விசிறியாக விரிகின்றன. கம்பிகளின் இழுப்பைத் தாங்கவும் வேண்டும், பலகை அதிர இடமும் விட வேண்டும். சட்டம் தடித்தால் ஒலி செத்துவிடும், மெலிந்தால் பலகை வளைந்துவிடும். ஏழு சட்ட விசிறியை நிலைநிறுத்தியவர் ஸ்பெயினின் அந்தோனியோ டி டோரஸ் (1817–1892). கிளாசிகல் கிட்டார் செய்பவர்கள் பலர் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகு ஆளுக்கொரு மாற்றம். அண்ணனின் மாற்றம், மெல்லிய கம்பிகளின் பக்கம் சாய்வாகப் போகும் ஒரு சட்டம். விரல் கணுவால் பலகையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, சட்டத்தில் ஓர் இழை சீவி, மறுபடி தட்டினார். எனக்கு இரண்டு தட்டும் ஒரே சத்தம்தான். அவருக்கு இல்லை.

கிட்டாரை மூடி ஒட்டிய பிறகு இதை யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. சட்டையில் போட வேண்டியது இதுதான் என்றேன். அண்ணி மட்டும் "மீன் முள் மாதிரி இருக்கிறதே" என்றார். இருக்கட்டும், ஊரே மீன் சாப்பிடுகிறது.

மே 19, திங்கள்

கிட்டாரின் உடல்பகுதி 48 செ.மீ. நீளம், அகன்ற இடத்தில் 36 செ.மீ. மீடியம் அளவுச் சட்டையின் மார்பகலமே ஐம்பதுதான். முழு அளவில் அச்சிட்டால் தையலில் ஏறும். 30 செ.மீ. உயரத்துக்குக் குறைத்தால் அகலம் 22.5. கழுத்துப் பட்டைக்கு ஏழெட்டு செ.மீ. கீழே தொடங்கும். தொப்பை இருப்பவர்களுக்குக் கீழ்ப்பகுதி கொஞ்சம் உப்பித் தெரியும். நல்ல மேற்பலகையும் லேசாக உப்பித்தான் இருக்கும் என்கிறார் அண்ணன், தன் வயிற்றைத் தடவிக்கொண்டு.

மே 24, சனி

இன்று சண்டை. எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதில்.

பட்டறை வரைபடம் உள்ளேயிருந்து பார்ப்பது போல இருக்கிறது. அதில் சாய்வுச் சட்டம் இடப்பக்கம் வருகிறது. கிட்டாரை நிறுத்தி முன்னாலிருந்து பார்த்தால் தடித்த கம்பி இடப்பக்கம், மெல்லியது வலப்பக்கம். ஆகவே அந்தச் சட்டமும் வலப்பக்கம் இருக்க வேண்டும். டோரஸ் விசிறி இருபுறமும் ஒரே மாதிரி என்பதால் அதில் இந்தத் தொல்லையே இல்லை. எவன் இதையெல்லாம் பார்ப்பான் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு கிட்டார்காரர் கட்டாயம் பார்ப்பார். கடைசியில் எக்ஸ்ரே போல முன்னாலிருந்து ஊடுருவிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டோம். சட்டம் வலப்பக்கம் வந்துவிட்டது.

அதனால் இன்னொரு நன்மையும் வந்தது. கிட்டாரின் துளைக்குள் எட்டிப் பார்த்தால், பின்பலகையில் செய்தவர் பெயரும் ஆண்டும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். முன்னாலிருந்து பார்க்கிறோம் என்றால் அந்தச் சீட்டு துளை வழியே தெரியலாம். எழுத்து எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்கிவிட்டேன். முதுகில் தொலைபேசி எண் கிடையாது, கையில் சின்னம் கிடையாது. முதுகு முழுவதும் எழுதித் தருகிறோம் என்று விலை சொன்ன கடைக்காரர் ஒருவர் இதைக் கேட்டு, "பிறகு எதற்கு அச்சடிக்கிறீர்கள்?" என்றாராம்.

அடுத்தது மொழி வரிசை. தமிழ், தீவின் பேச்சுமொழியான கிரியோல், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்கிறார் அண்ணன். யார் மேலே, யார் கீழே? இந்தத் தீவில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. 1998 நவம்பரில் மத்திய வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி வந்துவிட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் வரிசை மாறிப் புதிய நோட்டுகள் வந்தன. நூறு ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறதே, அதை எடுத்துப் பாருங்கள்: ஆங்கிலம், தமிழ், இந்தி. நாட்டின் மத்திய வங்கிக்கே அந்தக் கதி என்றால் அறுபது சட்டைக்காரர் எம்மாத்திரம்?

ஐந்து செ.மீ. துளையில் மூன்று மொழி அடங்காது என்ற உண்மையைச் சொல்லித் தப்பித்தேன். பட்டறைப் பெயர் ரோமன் எழுத்தில், "ரோஸ் ஹில், 2025" தமிழில். தமிழை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். கிட்டார் சீட்டுகளிலும் அவர் கைதான். பள்ளியில் படித்த தமிழ், மெல்ல மெல்ல எழுதினார். எந்த எழுத்துருவிலும் இல்லாத ஒரு கம்பீரம் அந்த 'ஹி'யில் இருக்கிறது.

மே 29, வியாழன்

துணி கிடைத்தது. ஏற்றுமதியில் மிச்சமான கறுப்புச் சட்டைகள், நூறு சதவீதம் பருத்தி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்). 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்ததிலிருந்து இந்தத் தீவு உலகத்துக்கே பனியன் தைக்கிறது. இப்படிப்பட்ட மிச்சங்கள் எங்களுக்கு வரம்.

அச்சுக்கு டிஸ்சார்ஜ், அதாவது சாயத்தை அழித்துப் படம் எடுக்கும் முறை. திருப்பூரில் பழகிய முறை. கறுப்புத் துணிமேல் வெள்ளை பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த) மையை இரண்டு பூச்சு ஏற்றினால் மார்பில் ரப்பர் பலகை ஒட்டிய மாதிரி இருக்கும். டிஸ்சார்ஜ் எதையும் மேலே பூசுவதில்லை. சூடேறியதும் துணியின் சாயத்தை அது அழிக்கிறது, பருத்தியின் சொந்த நிறம் வெளியே வருகிறது. அந்த வெளிர் நிறம் ஏறக்குறைய ஸ்ப்ரூஸ். பலகைப் பகுதியை மட்டும் அழித்து, சட்டங்களை அழிக்காமல் கறுப்பாகவே விட்டுவிடலாம். ஒரே ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச்சட்டம்), நிறமி எதுவும் சேர்க்காமல் இரண்டு நிறம். ஸ்கிரீன் செலவு அறுபதுக்கும் ஆறுநூறுக்கும் ஒன்றுதான் என்பதால், சின்ன ஆர்டரில் ஒரு ஸ்கிரீன் குறைவதே பெரிய சேமிப்பு.

ஜூன் 4, புதன்

வெட்டுத் துண்டுகளில் சோதனை. ஒரே கறுப்பு என்று நினைத்த சட்டைகளில் இரண்டு சாய லாட் (தனித்தனியாகச் சாயம் போட்ட தொகுதிகள்) இருந்தன. ஒன்று அழகான வெண்மஞ்சளாக வெளுக்கிறது. மற்றது செங்கல் நிறத்தில் நின்றுவிடுகிறது. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டிஸ்சார்ஜில் லாட்டுக்கு லாட் சோதனை செய்யாமல் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான். அண்ணனுக்குச் செங்கல் நிறமும் பிடித்துவிட்டது. "அது சீடர் மரம்" என்றார். கிளாசிகல் கிட்டாருக்கு ஸ்ப்ரூஸும் உண்டு, செம்பழுப்பான சீடரும் உண்டு. ஆக இரண்டு ரகச் சட்டை. தனித்தனியாக அடுக்கி வைத்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

கோட்டு வேலை. நிஜச் சட்டம் ஏழு மி.மீ. அகலம் என்றால் அச்சில் நான்குக்கு மேல் வரும், கவலையில்லை. துளையைச் சுற்றிய சித்திர வளையம்தான் பாடாய்ப் படுத்துகிறது. மை துணியில் கொஞ்சம் பரவும். அழிக்காமல் விடும் மெல்லிய கறுப்புக் கோடுகளை அது இருபுறமும் தின்றுவிடும். ஆகவே கோடுகளைத் தடிப்பாக்கி, வளையச் சித்திரத்தை மூன்று எளிய வட்டங்களாக்கினேன். அரை மி.மீ. மரச்சில்லுகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்த வளையத்துக்கு மூன்று கோடுதானா என்று அண்ணனுக்கு வருத்தம். எனக்கும்தான்.

ஜூன் 14, சனி

அச்சு. மையில் சாயத்தை அழிக்கும் பொடியைக் கலந்துவிட்டால் சில மணி நேரம்தான் ஆயுள், அதற்குள் முடிக்க வேண்டும். கந்தக வாடை. கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் திறந்தாயிற்று. மை தள்ளும் ஸ்க்வீஜிக் கட்டையை இழுத்துச் சட்டையைக் காட்டினால் ஒன்றுமே தெரியவில்லை, ஈரக் கறை மட்டும். அண்ணன் முகம் தொங்கிவிட்டது. 160 டிகிரி டிரையர் மறுமுனையில் அதே சட்டை விசிறியோடு வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவரை டிரையர் வாயிலிருந்து நகர்த்த முடியவில்லை. வருகிற ஒவ்வொன்றையும் எடுத்து, சாய்வுச் சட்டம் வலப்பக்கம்தானா என்று பார்த்தார். ஒரே ஸ்கிரீன், அண்ணா, ஒன்று சரி என்றால் எல்லாம் சரி.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாம் துவைத்தாயிற்று. டிஸ்சார்ஜ் மையில் ஃபார்மால்டிஹைடு மிச்சம் இருக்கும். துவைக்காமல் விற்கிறவர்கள் உண்டு, நான் விட மாட்டேன். குழந்தைகள் அளவு இந்த முறையில் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் சமையலறைக் கொடியில் தொங்கியவை காய்ந்தது இன்று மாலைதான். ஜூன் இங்கே குளிர்காலம், வெயில் அப்படி.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று கட்ரே போர்ன் நகரில் மேசை போட்டோம். ஸ்ப்ரூஸ் முன்னால் தீர்ந்தது, சீடர் பின்னால். எக்ஸ்எல் முதல் ஒரு மணி நேரத்திலேயே காலி, ஸ்மால் இன்னும் கிடக்கிறது. டோடோ இல்லையா என்று ஒரே ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டார். தீவின் செகா இசை வாசிக்கும் பையன் ஒருவன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சட்டம் ஏன் இங்கே மட்டும் சாய்ந்திருக்கிறது?" என்று கேட்டான். அண்ணன் மேசையை என்னிடம் விட்டுவிட்டு அவனோடு உட்கார்ந்துவிட்டார். பட்டறையைப் பார்க்க அவன் செவ்வாய்க்கிழமை வருகிறான்.

மிச்சமிருப்பவற்றை அண்ணன் ஒவ்வொரு கிட்டார் பெட்டிக்குள்ளும் ஒன்றாக வைத்து அனுப்பப் போகிறார். குழந்தைகள் சட்டைக்கு வெள்ளைத் துணியில் நீர் மை. அதற்குக் கோடுகளை எல்லாம் நேர்மாறாக வரைய வேண்டும், வெளிர்ப் பலகையில் கறுப்புச் சட்டம். அடுத்த வாரம் தொடங்குகிறேன்.