ஒரு டிக்கெட்டில் 10.72 சதவீதம்

கலைப்படமா வணிகப்படமா என்று யாராவது சண்டையை ஆரம்பித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நடிகர் மேட் டேமன் போட்ட ஒரு கணக்குதான். 2021-இல் ஒரு யூடியூப் பேட்டி. காரமான கோழி இறக்கைகளைத் தின்றுகொண்டே பேச வேண்டிய நிகழ்ச்சி, கண்ணில் தண்ணீர் வர வர அவர் ஹாலிவுட்டின் பொருளாதாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். தான் முன்பு நடித்த மாதிரியான படங்கள் இப்போது ஏன் வருவதில்லை என்றால், டிவிடி போய்விட்டது என்றார். தியேட்டரில் சுமாராகப் போன படம்கூட ஆறு மாதம் கழித்து டிவிடியில் வரும்போது இன்னொரு ரிலீஸ் மாதிரி பணம் கொண்டுவரும், அந்த தைரியத்தில்தான் ஸ்டூடியோக்கள் கொஞ்சம் துணிந்தன.

அவர் சொன்ன உதாரணம் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'பிஹைண்ட் தி கேண்டலாப்ரா'. ஒரு பியானோ கலைஞருக்கும் ஓர் இளைஞனுக்கும் இடையிலான காதல் கதை. படத்துக்கு 2.5 கோடி டாலர், விளம்பரத்துக்கும் வெளியீட்டுக்கும் அதே அளவு, ஆக 5 கோடி. வசூலில் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும் என்பதால், 10 கோடி டாலர் வசூலானால்தான் லாபம் என்ற பேச்சே தொடங்கும். இரண்டு ஆண்களின் காதல் 10 கோடி வசூலிக்கும் என்று நம்பி எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? யாரும் போடவில்லை. கடைசியில் அமெரிக்க டிவி நிறுவனமான ஹெச்பிஓ எடுத்தது. 2013-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் பெரிய திரையில் ஓடிய படம், சொந்த நாட்டில் டிவியில் மட்டும் வந்தது.

ஹாலிவுட்டுக்குப் பேராசை பிடித்துவிட்டது, அதனால் கலை செத்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராசை எப்போது இல்லாமல் இருந்தது? 'காட்ஃபாதர்' ஒரு கூலி வேலை. நன்றாக விற்ற நாவலைச் சூட்டோடு சூடாகப் படமாக்கிவிட வேண்டும் என்பதுதான் பாரமவுண்ட் ஸ்டூடியோவின் எண்ணம். இயக்குநர் கொப்போலாவுக்கு அதில் விருப்பமே இல்லை, அவருடைய ஸோயட்ரோப் நிறுவனம் கடனில் இருந்ததால் ஒப்புக்கொண்டார். நடிகர் பிராண்டோ வேண்டும் என்று ஸ்டூடியோவோடு சண்டை, பச்சினோ வேண்டும் என்று சண்டை, படம் முழுக்க எந்த நாளில் வேலை போகுமோ என்ற பயம். அதிலிருந்துதான் 1972-இல் அப்படி ஒரு படம் வந்தது. செலவு 60, 70 லட்சம் டாலர். தோற்றால் ஸ்டூடியோ கவிழ்ந்துவிடாது என்கிற தொகை அது, அதனால்தான் அந்தச் சண்டைகளில் ஓர் இளைஞனால் ஜெயிக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 1975-இல் சுறா படமான 'ஜாஸ்' வந்தது. ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்கள், அதற்கு முன் சில நாட்கள் டிவியில் விடாமல் விளம்பரம். அந்தப் படத்தின்மேல் எனக்குக் கோபமில்லை, இன்றைக்குப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அதற்குப் பிறகு முதல் மூன்று நாள் வசூல்தான் ஒரு படத்தின் ஜாதகம் என்றாகிவிட்டது. மெல்ல மெல்ல வாய்ப்பேச்சில் பரவி ஓடவேண்டிய படங்களுக்கு அந்த மெல்ல மெல்ல கிடைக்காமல் போனது. டிவிடி இருந்தவரை அடி தெரியவில்லை. அதுவும் போனபின் ஒரு பக்கம் 20 கோடி டாலர் படம், மறுபக்கம் கையில் இருப்பதை வைத்து எடுக்கும் படம், நடுவில் ஒன்றுமில்லை.

சரி, ஐரோப்பா? அங்கே எல்லாரும் கலைக்காகவே வாழ்கிறார்கள் என்று நம் சினிமா நண்பர்களிடம் ஒரு கற்பனை இருக்கிறது. பிரான்சில் நல்ல படம் தொடர்ந்து வருவதற்குக் காரணம் ரசனை மட்டுமில்லை, ஒரு வரி. போருக்குப் பின் 1946-இல் அமெரிக்காவுடன் போட்ட ஒப்பந்தத்தால் ஹாலிவுட் படங்கள் வெள்ளமாக வந்து இறங்கின, 1948 தொடக்கத்தில் நடிகர்களும் தொழிலாளர்களும் பாரிஸ் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு டிக்கெட் மீது ஒரு சிறப்பு வரி வந்தது. இன்று அது விலையில் 10.72 சதவீதம். எந்த நாட்டுப் படமானாலும் சரி. மார்வெல் படத்துக்குக் கூட்டம் அலைமோதினால் அதிலிருந்து ஒரு பங்கு சிஎன்சி என்ற தேசியத் திரைப்பட மையத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த பிரெஞ்சுப் படத்துக்கு வருகிறது. 1959-இல் தொடங்கிய இன்னொரு ஏற்பாட்டில் திரைக்கதையைப் படித்துப் பார்த்து முன்பணம் தருகிறார்கள், படம் சம்பாதித்தால் திருப்பித் தந்தால் போதும். அதாவது வணிகப்படத்தை யாரும் திட்டவில்லை, தடுக்கவில்லை. அதன் சட்டைப்பையிலிருந்தே பணம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு யோசனையை நான் சினிமா உலகில் பார்த்ததில்லை.

இந்தக் கட்டமைப்பும் தேயத் தொடங்கியிருக்கிறது என்றுதான் பிரெஞ்சு இயக்குநர் ஜஸ்டின் ட்ரியே 2023-இல் கான் மேடையில் சொன்னார். 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்துக்கு விழாவின் உச்ச விருதான தங்கப் பனை வாங்கிய கையோடு, கலாச்சாரத்தைச் சரக்காக்கும் அரசை விமர்சித்தார், இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் நான் இங்கே நின்றிருக்க மாட்டேன் என்றார். அரசுப் பணத்தில் படம் எடுத்துவிட்டு அரசையே திட்டுவதா என்று கலாச்சார அமைச்சருக்குக் கோபம். அந்த ஆண்டு ஆஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு பிரான்ஸ் அனுப்பியது வேறொரு படத்தை, அதற்கு இறுதிப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. ட்ரியே படம் பொதுப்பிரிவில் போட்டியிட்டுத் திரைக்கதைக்கான ஆஸ்காரை வாங்கியது. அவருடைய முதல் முழுநீளக் கதைப்படம் 2013-இல் வந்தது, இது நான்காவது. பத்து வருடம் ஒருவரைப் பொறுத்திருந்து வளரவிட்டிருக்கிறார்கள், எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

நமக்கு நெருக்கமான சாட்சியும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் 'தீபன்'. வசனத்தில் பெரும்பகுதி தமிழ், நாயகன் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி, பிரெஞ்சு நட்சத்திரங்களை முன்னிறுத்தாத படம். பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சியின் பணமும் சேர்ந்துதான் அது உருவானது, 2015-இல் தங்கப் பனையும் வாங்கியது. எந்த அமெரிக்க ஸ்டூடியோவின் கணக்கில் அது ஒத்துவந்திருக்கும்?

பிரெஞ்சு ஏற்பாட்டிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட படங்கள், அதில் பல ஒரு வாரம் தாண்டுவதில்லை. முன்பணம் தரும் குழுவுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதப்பட்ட கதைகளும் உண்டு, அதன் வாசனை பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பணத்தின் பிடியிலிருந்து முழு விடுதலை கிடைத்தாலும் நல்ல படம் உறுதியில்லை. அதே கொப்போலா 80 வயதைத் தாண்டியபின், திராட்சை மது வணிகத்தில் ஒரு பகுதியை விற்று, சொந்தப் பணம் 12 கோடி டாலர் போட்டு 'மெகலோபொலிஸ்' எடுத்தார். தடுக்க ஒருவரும் இல்லை. உலகம் முழுக்க 1.5 கோடி டாலர்கூட வசூலாகவில்லை. நான் இரண்டு முறை பார்த்தேன், சில காட்சிகள் அபாரம், ஆனால் எதிர்த்துப் பேச ஒரு தயாரிப்பாளர் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தப் படம் வெளியான அதே 2024-இல்தான் அமெரிக்க இயக்குநர் ஷோன் பேக்கர் 60 லட்சம் டாலரில் எடுத்த 'அனோரா'வும் வந்தது. முன்பு ஐபோனில் ஒரு முழுப்படம் எடுத்தவர் இவர். 2025 மார்ச்சில் ஒரே இரவில் நான்கு ஆஸ்கார் அவர் கைக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பு சுயாதீனப் படங்களுக்கான விருது மேடையில் அவர் பேசியது சம்பளத்தைப் பற்றி. ஒரு படத்துக்கு மூன்று வருடம் உழைக்கிறோம், அதில் பெரும்பகுதி நாட்களுக்கு வருமானமே இல்லை, இதை நம்பி வாழ முடியவில்லை, முன்கூட்டியே தரும் தொகையைக் கூட்டுங்கள் என்றார். பிரான்சில் நடிகர்களும் திரைத்தொழில்நுட்பக் கலைஞர்களும் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. பேக்கர் பேசியதைக் கேட்டபோது அந்த 507 மணி நேரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.