தராசில் தொடங்கும் டிங்சர்

வீட்டில் மூலிகை டிங்சர், அதாவது மூலிகையின் சத்தை ஆல்கஹாலில் இறக்கிய மருந்து, செய்ய கைப்பக்குவத்தைவிடத் தராசு முக்கியம். பாட்டில் நிறைய இலையைத் திணித்து, மூழ்கும்வரை ஆல்கஹால் ஊற்றினாலும் ஏதோ ஒரு டிங்சர் வரத்தான் செய்யும். ஆனால் அதன் வீரியம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வீரியம் தெரியாத மருந்துக்கு எத்தனை சொட்டு என்று எப்படிச் சொல்வது?

உலர்ந்த மூலிகைக்கு வழக்கமான விகிதம் 1:5. அதாவது 100 கிராம் மூலிகைக்கு 500 மில்லி ஆல்கஹால். இப்படிச் செய்த டிங்சரில் 5 மில்லி என்பது 1 கிராம் மூலிகைக்குச் சமம். பச்சை மூலிகைக்கு 1:2 போதும்.

அடுத்தது ஆல்கஹாலின் சதவீதம். பலரும் சறுக்கும் இடம் இது. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றக் கூடாது. செடிதான் அதை முடிவு செய்கிறது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து தண்ணீரிலேயே நன்றாக இறங்கும், 40 சதவீதம் தாராளம். மஞ்சளின் மஞ்சள் நிறச் சத்தான குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது, 70 சதவீதத்துக்கு மேல் வேண்டும். வெள்ளைப்போளம் போன்ற பிசின்களுக்கு 90. வழவழப்புக்காகவே பயன்படும் விதைகளையும் வேர்களையும் ஆல்கஹாலில் போடுவது வீண். அந்தப் பசை திரிந்து இழையிழையாகப் பிரிந்துவிடும். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து அன்றே பயன்படுத்துவதுதான் சரி.

95 சதவீத ஆல்கஹாலிலிருந்து 60 சதவீதத்தில் 500 மில்லி வேண்டுமென்றால், 60-ஐ 500-ஆல் பெருக்கி 95-ஆல் வகுக்க வேண்டும். 316 மில்லி வரும். அதை அளவுச் சாடியில் ஊற்றி, காய்ச்சி வடித்த நீரால் 500 வரை நிரப்பலாம். தண்ணீரைத் தனியாக 184 மில்லி அளந்து சேர்த்தால் 500-க்குச் சற்றுக் குறையும், ஏனென்றால் இரண்டும் கலக்கும்போது கன அளவு சுருங்குகிறது.

பச்சை இலையில் இன்னொரு சிக்கல் உண்டு. 100 கிராம் இலையில் ஏறக்குறைய 80 கிராம் தண்ணீர்தான். அதில் 200 மில்லி வோட்காவை ஊற்றினால், 40 சதவீதம் என்பது 28 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். 20-ஐ நெருங்கினால் கெட்டுப்போகும் அபாயம் உண்டு. அதே இலைக்கு 95 சதவீதத்தை ஊற்றினால் 68 அளவில் நிற்கும். பச்சைக்கு வீரியமான ஆல்கஹால் கேட்பது இதனால்தான்.

மூலிகையை ஒன்றிரண்டாக இடிக்கவும். மாவாக்கினால் அடியில் களிபோல் படிந்து, வடிகட்டும்போது துணியை அடைத்துக்கொள்ளும். உலர்ந்த சரக்கு ஊறி உப்பும் என்பதால் மறுநாள் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே துருத்திக்கொண்டு நிற்பவை கறுக்கும், பூஞ்சையும் பிடிக்கலாம். அமிழ்த்தி, தினமும் குலுக்கி, இரண்டு முதல் நான்கு வாரம் இருட்டில் வைத்தால் போதும். அவசரத்துக்கு அடுப்பில் சூடாக்கவே வேண்டாம். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும்.

வடிக்கும்போது பலமாகப் பிழிய வேண்டும். சக்கையில் நிற்கும் திரவமும் அதே வீரியம் உள்ளதுதான். அழுத்திப் பிழிந்தாலும் ஊற்றிய அளவு முழுதாகத் திரும்பாது. ஓரிரவு தெளியவிட்டு, காகித வடிகட்டியில் மறுபடி வடித்தால் தெளிந்த சரக்கு கிடைக்கும். பிசின் டிங்சரைத் தண்ணீரில் விடும்போது பால்போல் கலங்கினால் பயப்பட வேண்டியதில்லை, கரைந்திருந்த பிசின் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

குடிக்கத்தக்க எத்தனால் தவிர வேறெதையும் தொடக் கூடாது. ஐசோபுரொப்பைலும் மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டும் விஷம், வடிகட்டினாலும் விஷம்தான். செடியை ஐயமற அடையாளம் காணாமல் தொடங்குவதும் அதே அளவு ஆபத்து. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது.

பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் செடியின் பெயர், பாகம், விகிதம், ஆல்கஹால் சதவீதம், தேதி ஐந்தையும் எழுதி ஒட்டுங்கள். சேமிப்புப் புட்டிக்குச் சாதாரண மூடி போடுங்கள். சொட்டு மூடியின் ரப்பர் குமிழ் ஆல்கஹால் ஆவியில் நாளடைவில் பிசுபிசுத்து உள்ளே கரையும், அதனால் அது பயன்பாட்டில் இருக்கும் சிறு புட்டிக்கு மட்டும்.